கைக்குழந்தையுடன் கப்பல் ஏறலாமா?

கடலும் கப்பலும் நம் மக்களுக்குப் புதியவை அல்ல. நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் பினாங்கு, சிங்கப்பூர்ப் பயணக் கதைகள் பேசப்படாத வீடுகள் குறைவு. 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல், சென்னையிலிருந்து புறப்பட்டு நாகப்பட்டினம் தொட்டு, மலாயாக் கரைக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நம்மவர்களைச் சுமந்து சென்றது. அதற்குப் பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பலில் 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெரும் தீ மூண்டு பலர் உயிரிழந்தனர். அத்துடன் அந்தப் பயணக் கப்பல் போக்குவரத்தும் முடிவுக்கு வந்தது.

அந்தக் கப்பல்களின் மேல்தட்டில் பாய் விரித்து, கைக்குழந்தையை மடியில் கிடத்திப் பல நாட்கள் பயணம் செய்த தாய்மார்கள் நம் முன்னோர்களில் உண்டு. இன்று ஒரு குடும்பத்தில் “பிள்ளையை வைத்துக்கொண்டு கப்பலில் போகலாமா?” என்ற கேள்வி எழுந்தால், வீட்டின் மூத்தவர்கள் அந்தத் தாய்மார்களை எடுத்துக்காட்டாகச் சொல்வதும் உண்டு. “என் உம்மா என்னை நாற்பது நாள் பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு வரவில்லையா?” என்று பாட்டியார் கேட்கும்போது மறுமொழி சொல்வது எளிதன்று.

ஆயினும், வாசகர்களே, இரண்டும் ஒன்றல்ல என்பதைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அன்றைய தாய் கணவனிருக்கும் ஊரில் குடும்பம் நடத்தச் சென்றாள். அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைய குடும்பம் செல்வது நான்கு நாள் மகிழ்ச்சிக்காக. பிழைப்புக்காகத் துணியும் துணிவையும், பொழுதுபோக்குக்காகத் துணியும் துணிவையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே வாருங்கள். சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குச் சென்று திரும்பும் ஓர் உல்லாசக் கப்பலில் உங்களை ஏற்றிக் காட்டுகிறோம். வழியில் ஒவ்வோர் இடத்திலும் உங்கள் குழந்தையையும் நினைத்துக்கொள்ளுங்கள். முடிவை நீங்களே எடுக்கலாம்.

புறப்படும் முன்பே ஒரு வாயில்

முதல் கேள்வி குழந்தையின் வயது. பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவும் பயணம் தொடங்கும் நாளில் குழந்தைக்கு 6 மாதம் நிறைந்திருக்க வேண்டும் என்று விதித்துள்ளன. சிங்கப்பூரிலிருந்தும் கப்பல்களை இயக்கிவரும் ராயல் கரீபியன் நிறுவனத்தின் விதியும் இதுவே. பெருங்கடலைக் கடக்கும் பயணங்களுக்கும், தொடர்ந்து 3 நாட்களோ அதற்கு மேலோ கரை தொடாமல் செல்லும் பயணங்களுக்கும் 12 மாதம் நிறைந்திருக்க வேண்டும். சீட்டுப் பதிவு செய்யும் நாளில் கணக்கிட்டால் போதாது; கப்பல் ஏறும் நாளில் கணக்கிட வேண்டும். குழந்தையை வயிற்றில் சுமப்பவருக்கும் எல்லை உண்டு. பயணம் முடிவதற்குள் கர்ப்பம் 24 வாரத்தை எட்டிவிடும் என்றால் பெரிய நிறுவனங்கள் ஏற்றிக்கொள்வதில்லை. விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும் என்பதால், பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

இந்த விதி ஏன்? கப்பலில் மருத்துவர் இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், சிறு மருத்துவமனையும் இருக்கிறது. ஆனால், அங்கே குழந்தை மருத்துவ நிபுணரை எதிர்பார்க்க முடியாது. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் கிடையாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே அதை அவசர நிலையாகக் கருதி மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பது மருத்துவர்களின் பொது விதி. நள்ளிரவில் நடுக்கடலில் விரைவது எங்கே? ஆகவே, 6 மாதம் நிறையாத குழந்தை உள்ள வீட்டில் இந்தக் கேள்விக்கு விவாதமே வேண்டா. அனுமதிக்கும் கப்பல் ஒன்று கிடைத்தாலும் ஏறாதீர்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை, இதயக் கோளாறோ மூச்சுத் தொல்லையோ உள்ள குழந்தை ஆகியோரைப் பொறுத்தவரை வயது நிறைந்திருந்தாலும் மருத்துவரின் சொல்லே இறுதிச் சொல்.

இரண்டாவது கேள்வி தடுப்பூசி. நம் நாட்டின் அட்டவணைப்படி தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணை 9 மாதம் நிறைந்த பின்னரே போடப்படுகிறது. ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கும் கப்பலுக்கு 7 மாதக் குழந்தையைக் கொண்டு செல்வதென்றால், அக்குழந்தை தட்டம்மைக்கு எதிரான காப்பின்றிச் செல்கிறது என்று பொருள். வெளிநாடு செல்லும் குழந்தைகளுக்கு 6 மாதம் முதலே ஒரு தவணையை முன்கூட்டிப் போடும் வழக்கம் உண்டு. அந்தத் தவணை கணக்கில் சேராது; உரிய மாதங்களில் வழக்கமான தவணைகளை மீண்டும் போட்டாக வேண்டும். இதைப் பற்றி மருத்துவரிடம் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே பேசிவிடுங்கள்.

சிங்கப்பூர்க் கரையில்

திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ சிங்கப்பூருக்கு ஏறத்தாழ நான்கு மணி நேர விமானப் பயணம். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தைக்குப் பால் புகட்டினால் காதடைப்பு குறையும். குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். தனி விசா வேண்டும். கப்பல் பினாங்குக்குச் சென்று மீண்டும் சிங்கப்பூருக்கே வருவதால், விசா மறுமுறை நுழைய இடம் தருகிறதா என்று பாருங்கள்.

விமானம் இறங்கிய அன்றே கப்பல் ஏறும்படி திட்டமிடாதீர்கள். ஒரு நாள் தங்குங்கள். பெரிய கப்பல்கள் நிற்கும் மரீனா பே கப்பல் நிலையம் 2012இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து தொலைவில் இல்லாத தெலோக் ஆயர் வீதியில் 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்ட நாகூர் தர்கா நிற்கிறது. இன்று அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. அந்த வீதி ஒருகாலத்தில் கடற்கரையாக இருந்தது. பின்னர் கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் இன்று கடல் தள்ளிப் போய்விட்டது. சவுத் பிரிட்ஜ் சாலையில் சூலியா மக்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆப் பள்ளிவாசலும் அண்மையிலேயே உள்ளது. கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் கால் ஊன்றிய இடங்களைப் பார்த்துவிட்டுக் கப்பல் ஏறுவது பெரியவர்களுக்கு நிறைவளிக்கும். குழந்தைக்கும் ஒரு நாள் இளைப்பாற்றல் கிடைக்கும்.

அந்த ஒரு நாள் இன்னொன்றுக்கும் உதவும். குழந்தைக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டால், கப்பல் ஏறாமல் நின்றுவிட இதுவே கடைசி இடம். “கட்டிய பணம் போய்விடுமே” என்ற எண்ணம் அப்போது எழும். அந்தப் பணத்தை விடுவதற்கு முன்கூட்டியே மனத்தை ஆயத்தப்படுத்திக் கொள்ளாத குடும்பம், குழந்தையுடன் இந்தப் பயணத்தைத் தொடங்கவே கூடாது. குழந்தையின் பெயரையும் சேர்த்து, கடலிலிருந்து கரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு எடுத்துக்கொள்வது இன்றியமையாதது.

மிதக்கும் ஊர்

கப்பலில் ஏறியதும் நீங்கள் வியப்பது அதன் பெருமையை. குழந்தை உணர்வது அறையின் சிறுமையை. கேபின் எனப்படும் அறை, நம் வீட்டுப் படுக்கையறையில் பாதிகூட இராது. குழந்தைக்குக் கட்டில்தொட்டில் வேண்டுமென முன்பதிவிலேயே கேளுங்கள். அது போட்ட பின் நடக்க எவ்வளவு இடம் எஞ்சும் என்றும் கேளுங்கள். நம் குழந்தைகள் ஏணையில் உறங்கிப் பழகியவர்கள். கப்பலில் ஏணை கட்ட இயலாது. ஆகவே, புறப்படுவதற்கு இரு வாரங்கள் முன்பிருந்தே சமதளமான, கெட்டியான படுக்கையில் மல்லாந்து உறங்கப் பழக்குங்கள். பெரியவர்களின் மெத்தென்ற படுக்கையில் தலையணைகளுக்கு நடுவே குழந்தையைக் கிடத்துவது ஆபத்தானது.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது கீழ்த்தளங்களில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. மாடமுள்ள அறை அழகுதான். ஆனால், தவழவும் பிடித்து நிற்கவும் தொடங்கிய குழந்தை உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பதே நன்று. கம்பித் தடுப்பின் அருகில் எவரும் எக்காரணத்துக்காகவும் குழந்தையைத் தூக்கிப் பிடிக்கலாகாது.

கப்பல் புறப்படும் முன் அவசரகாலப் பயிற்சி நடைபெறும். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் அபாய அறிவிப்பின் அடையாளம். 24 மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கும் பயணத்தில், கப்பலிலுள்ள ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அதற்குரிய உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுக் கடற்பாதுகாப்பு விதி. உங்கள் குழந்தையின் அங்கி எங்கே உள்ளது, யார் கொண்டுவந்து தருவார் என்பதை அன்றே கேட்டு, ஒருமுறை அணிவித்தும் பாருங்கள்.

உணவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹலால் உணவு எந்தச் சமையற்கூடத்தில், எந்தச் சான்றுடன் ஆக்கப்படுகிறது என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டு உறுதி செய்யுங்கள். மதுக்கூடமும் சூதாட்டக் கூடமும் பெரும்பாலான உல்லாசக் கப்பல்களில் உண்டு. முதல் நாளே கப்பலின் வரைபடத்தைப் பார்த்துக் குடும்பம் நடமாடும் தளங்களைத் தீர்மானித்துக்கொண்டால் மனம் கோணாமல் இருக்கலாம்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாதிக் கவலை இல்லை. புட்டிப்பால் குடிப்பதென்றால் கவலை இரட்டிப்பு. பால்மாவை 70 டிகிரிக்குக் குறையாத சூடான நீரில் கரைத்து, பின்னர் ஆறவைத்துப் புகட்ட வேண்டும். கப்பலுக்குள் மின்கெண்டி போன்ற சூடேற்றும் கருவிகளைக் கொண்டுவரப் பொதுவாக அனுமதிப்பதில்லை. வெந்நீர் இரவு இரண்டு மணிக்கும் கிடைக்குமா என்று கேளுங்கள். பால்மாவும் டயப்பரும் கப்பல் கடையில் கிடைக்கும் என நம்பாமல், வேண்டிய அளவுக்கு இரண்டு நாள் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள்.

கப்பல்களில் அவ்வப்போது பரவும் நோரோ கிருமி வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். கையில் தடவும் சாராயக் களிம்பு இக்கிருமியை ஒழிக்கப் போதாது. சோப்பும் ஓடும் நீரும் வேண்டும். குழந்தையைக் கொஞ்ச வரும் முகமறியாத கைகளை நயமாக விலக்குங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களைக் கைப்பையில் வைத்திருங்கள். பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், சிறுநீர் குறைதல், மூச்சு வேகமாதல், வலிப்பு ஆகியவற்றில் எது கண்டாலும் காத்திராமல் கப்பல் மருத்துவரிடம் செல்லுங்கள். கடல்மயக்கம் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அரிதாகவே வரும். பெரியவர்களுக்கான கடல்மயக்க மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. டயப்பர் அணிந்த குழந்தைகளைப் பொது நீச்சல் குளங்களில் இறக்கவும் பல கப்பல்கள் அனுமதிப்பதில்லை.

நீரிணையும் பினாங்கும்

சிங்கப்பூரிலிருந்து வடமேற்காகக் கப்பல் நுழைவது மலாக்கா நீரிணை. ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கடல்வழி, ஒருபுறம் மலாய்த் தீபகற்பத்தாலும் மறுபுறம் சுமத்ராத் தீவாலும் அணைக்கப்பட்டிருப்பதால் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் திடீரென வீசும் ‘சுமத்ரா’ச் சூறை மழையும் காற்றும் கொண்டுவரும், சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடும். பெரிய கப்பலில் அதன் ஆட்டம் அதிகம் தெரியாது. நீரிணையைத் தாண்டி புக்கெட் வரை செல்லும் பயணங்கள் உண்டு. அங்கே பெரிய கப்பல்கள் படோங் கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிட, பயணிகள் சிறு படகுக்கு மாறிக் கரை சேர்கின்றனர். ஆடும் படகில் குழந்தையை ஏந்திக் கால் மாற்றுவது இளந்தாய்க்கும் முதியவர்க்கும் ஏற்றதன்று. எனவே, குழந்தையுள்ள குடும்பம் பினாங்கு வரை மட்டும் செல்லும் பயணத்தைத் தேர்வது அறிவுடைமை.

பினாங்கில் அந்தத் தொல்லை இல்லை. ஜார்ஜ் டவுன் நகரத்தின் மடியிலேயே உள்ள சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் அணைகிறது. 1786இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய இந்நகரம், 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. துறையிலிருந்து சிறிது தொலைவில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். இந்திய முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய வணிகர் காதர் முகைதீன் 1801இல் எழுப்பியது இது. அதையொட்டிய சூலியா வீதியின் பெயரே நம் முன்னோரை நினைவூட்டும். தோளில் காவடியாகச் சோறும் கறியும் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்களின் உழைப்பிலிருந்து பிறந்த ‘நாசி கண்டார்’ இன்று பினாங்கின் அடையாள உணவு.

இங்கே தள்ளுவண்டி உதவாது. கடைகளின் முன்னுள்ள நடைபாதைகள் படியும் மேடும் பள்ளமுமாக இருக்கும். மார்போடு அணைத்துக் கட்டும் துணித் தூளியே ஏற்றது. நண்பகல் வெயிலும் புழுக்கமும் கடுமை. காலையிலோ மாலையிலோ இரண்டு மணி நேரம் சுற்றினால் போதும். டெங்குக் கொசு பகலில் கடிக்கும். கை கால்களை மூடும் மெல்லிய பருத்தி உடை அணிவியுங்கள்.

ஒருவரைக் கேட்க மறந்துவிட்டோம்

இத்தனையும் பேசிய பின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அது குழந்தையின் தாயைப் பற்றியது. சிங்கப்பூரில் பணிபுரியும் மகன் சீட்டு எடுக்கிறார். ஊரிலிருந்து வாப்பாவும் உம்மாவும் வருகிறார்கள். மச்சான் குடும்பமும் சேர்கிறது. எல்லோரும் ஒன்றுகூடும் நாள் என்பதால் எவருக்கும் மறுக்க மனம் வருவதில்லை. ஆனால், இரவில் மூன்று முறை எழுந்து பால் கொடுப்பவர், அறையில் துணி அலசுபவர், மற்றவர்கள் உணவுக் கூடத்தில் அமர்ந்திருக்கும்போது அழும் குழந்தையுடன் அறைக்குத் திரும்புபவர் யார்? பலரும் ‘எல்லோரும் போனோம்’ என்று நினைவுகூரும் பயணத்தில், நான்கு சுவர்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் மருமகள்கள் உண்டு.

ஆகவே, சீட்டு எடுக்கும் முன் அவரிடம் கேளுங்கள். எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் “சரி” என்றுதான் சொல்வார். கணவர் தனியாகக் கேட்கட்டும். அவர் விரும்பினால், வேலையைப் பங்கிட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் இரண்டு மணி நேரம் குழந்தை வாப்பாவிடம். இரவு உணவின்போது ஒரு நாள் பாட்டியார் முதலில் உண்டு வருவார், மறுநாள் மாமி. சில கப்பல்களில் 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளைக் கட்டணம் பெற்றுப் பார்த்துக்கொள்ளும் இடம் உண்டு. ஆனால், அறிமுகமற்ற முகங்களிடையே உங்கள் குழந்தை இருக்குமா என்பதை நீங்கள்தாம் அறிவீர்கள். அவர் விரும்பவில்லையென்றால், அந்த மறுப்பை மதித்துப் பயணத்தைத் தள்ளிவையுங்கள். பால்குடி மறவாத குழந்தையைப் பிரித்து ஊரில் விட்டுச் செல்வது மாற்றுவழி ஆகாது.

எங்கள் கருத்தைச் சுருங்கச் சொன்னால் இதுதான். 6 மாதம் நிறையாத குழந்தையா? வேண்டா. 6 முதல் 9 மாதம் வரையா? தடுப்பூசியின் காப்பு அரைகுறையாக உள்ள இக்காலத்தில், தக்க காரணம் இல்லையெனில் பொறுத்திருங்கள். 9 மாதம் நிறைந்து, உரிய தடுப்பூசிகள் போடப்பட்டு, திட உணவும் பழகி, உடல்நலமும் நன்றாக இருந்து, தாயும் மனமுவந்து சம்மதித்தால், சிங்கப்பூர் - பினாங்கு போன்ற குறுகிய பயணம் செல்லலாம். இரண்டு வயது கடந்துவிட்டால் அந்தக் குழந்தையே கடலைக் காட்டி உங்களிடம் கேள்வி கேட்கும்.

முடிவு ‘வேண்டா’ என்று வந்தாலும் வருந்த வேண்டியதில்லை. பினாங்கைப் பார்க்கக் கப்பல்தான் வேண்டும் என்பதில்லை. கோலாலம்பூரிலிருந்து ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த் வந்துவிடலாம். அங்கிருந்து ஜார்ஜ் டவுனுக்கு 1894 முதல் நடந்துவரும் படகுப் போக்குவரத்து உண்டு. அரைமணி நேரத்துக்கும் குறைவான அந்தக் கடற்பயணத்தில், கடற்காற்று குழந்தையின் முகத்தில் படும். கரை எப்போதும் கண்ணெதிரே இருக்கும். வேண்டும்போது இறங்கலாம், விரும்பும்போது திரும்பலாம். கைக்குழந்தைக்கு இப்போதைக்கு அவ்வளவு கடல் போதும்.